அந்தமானில் தூண்டில் படகு அமர்த்துவது எப்படி: முன்பணம் கட்டுவதிலிருந்து கரை திரும்பும் வரை

டிசம்பரில் போர்ட் பிளேயரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். கடிகாரம் இந்திய நேரம் காட்டும், சூரியன் பர்மா கணக்கில் நடக்கும். காலை ஐந்தரை மணி வாக்கில் வெளிச்சம் வந்துவிடும். ஆகவே, "டிபன் முடிச்சிட்டு எட்டு மணிக்குக் கிளம்பலாம் சார்" என்று ஒரு படகுக்காரர் சொன்னால் அவர் உங்களைத் தீவு சுற்றிக் காட்டத்தான் கூட்டிப்போகிறார். தூண்டிலுக்குப் போகும் படகு வெளிச்சம் வரும்போதே துறைமுக வாய்க்கு வெளியே நிற்கும். கையிலிருப்பது பதினோரு மணி நேரத்துச் சொச்சம் வெளிச்சம். கீழே சொல்லப்போகிற எல்லாக் கணக்கும் அதற்குள்தான்.

சென்னை, பாண்டி, தூத்துக்குடி பக்கம் கரையிலிருந்தும் தூண்டில் வளைவுக் கற்களிலிருந்தும் வீசிப் பழகி, முதல்முறையாக ஆழ்கடலுக்குப் படகு அமர்த்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊர்ப்பெயரை 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். துறையில் இன்னும் போர்ட் பிளேயர் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஊரில் தமிழுக்குப் பஞ்சமில்லை, ஆனால் படகில் பெரும்பாலும் இந்திதான் ஓடும்.

படி 1: எந்த மீன், எந்த முறை

படகைத் தேடுவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். ஏனென்றால் முறைக்கு முறை படகு மாறும்.

அந்தமானுக்கு ஆட்கள் தேடி வருவது ஜி.டி. எனப்படும் ஜயண்ட் டிரெவாலியை. நம் சந்தையில் கிடைக்கும் பாறை மீனுக்குப் பெரியப்பா முறை. இதன் உலகச் சாதனை 72.8 கிலோ, 2006இல் ஜப்பானின் தோகாரா தீவுகளில் பிடிபட்டது. இங்கே 20 கிலோ மீன் ஒன்று அடித்தாலே முதல்முறை வருகிறவருக்குக் கை நடுங்கும். இதைப் பிடிக்கும் முறை பாப்பிங். பவளப்பாறை விளிம்பில், அலை உடையும் இடத்துக்குப் பக்கத்தில், பாப்பர் எனப்படும் 120 முதல் 200 கிராம் எடையுள்ள மரக்கட்டை மீனை வீசி, அது தண்ணீரைத் துப்பும்படி வெட்டி வெட்டி இழுப்பது. மீன் மேலே வந்து அடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்காகத்தான் இவ்வளவு பைத்தியமும்.

இரண்டாவது ஜிக்கிங். ஜிக் எனப்படும் 150 முதல் 300 கிராம் வரை எடையுள்ள உலோக மீனை அடி வரைக்கும் இறக்கி, துள்ளத் துள்ள மேலே ஏற்றுவது. களவா, சங்கரா வகைகள், பெரிய பற்களுள்ள டாக்டூத் சூரை எல்லாம் இதில் வரும். மூன்றாவது டிரோலிங். ஓடும் படகின் பின்னால் போலி மீன்களை இழுத்துக்கொண்டு போவது. மயில்மீன், வஞ்சரம், வாஹூ, மஞ்சள் துடுப்புச் சூரை கிடைக்கும். வேலை முழுக்கப் படகுக்கு, நமக்குக் காத்திருப்பதுதான்.

இதுவரை 150 கிராம் கட்டையை நாள் முழுக்க வீசியதில்லை என்றால், முதல் நாளே எட்டு மணி நேரம் பாப்பிங் என்று திட்டம் போடாதீர்கள். 200 வீச்சு ஆனதும் தோள் கழன்றுவிடும், உண்மையான அடி வரும் நேரத்தில் வீச்சு பாதி தூரம்தான் போகும். காலையிலும் மாலையிலும் பாப்பிங், நடுப்பகலில் ஜிக்கிங், இடம் மாறும்போது டிரோலிங் என்று வைத்துக்கொண்டால் உடம்பு தாங்கும்.

படி 2: மாதமும் நிலவும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். நவம்பர், டிசம்பரில் நல்ல நாட்கள் உண்டு, புயல் சின்னமும் உண்டு. கடல் தொட்டித் தண்ணீர் போலக் கிடப்பது ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையோடு அந்தமானையும் சேர்த்து அறிவிக்கப்படுவது. அந்த நாட்களில் வரச் சொல்லும் படகுக்காரரிடம், எந்த அனுமதியின் பேரில் கடலுக்குப் போவீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும், நீரோட்டம் இழுக்கும். நம் மீனவர்கள் நீவாடு என்பது இதைத்தான். ஓட்டம் பாறை விளிம்பில் மோதும் இடத்தில் சிறுமீன் தடுமாறும், ஜி.டி. அங்கே காத்திருக்கும். அதனால் பாப்பிங்குக்கு இந்த நாட்கள் நல்லவை. ஆழத்தில் ஜிக் போடுகிறவருக்கு அதே ஓட்டம் தலைவலி. 200 கிராம் இரும்பு தரையைத் தொடுவதற்குள் படகு எங்கேயோ போய்விடும். நான் பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக ஆரம்பித்து நான்கு நாள் எடுப்பேன், அதில் ஒரு நாள் காற்றுக்குப் போய்விடும் என்று மனதில் எழுதிவிட்டுத்தான்.

படி 3: படகையும் கேப்டனையும் பார்ப்பது

என் முதல் பயணத்தை விலையைப் பார்த்து முடிவு செய்தேன். பளபளவென்று பெயின்ட் அடித்த படகு, ஒற்றை எஞ்சின். கரையிலிருந்து இரண்டு மணி நேரம் போனதும் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்து எஞ்சின் இருமி இருமி நின்றது. நங்கூரம் போடலாம் என்றால் கயிறு எட்டவில்லை. ஆழம் 60 மீட்டருக்கு மேல், கயிறு அதில் பாதி. மூன்று மணி நேரம் மிதந்தோம். கடைசியில் உள்ளூர் மீனவர் ஒருவர் தன் டிங்கியில் கட்டி இழுத்து வந்தார். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் பெட்டியில் இருந்த ஐஸையும் பிஸ்கட்டையும் மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து நான் கேட்கும் கேள்விகள் இவை. எஞ்சின் இரண்டா? எண்ணெய்த் தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி இருக்கிறதா, மாற்று வடிகட்டி படகில் உண்டா? நங்கூரக் கயிறு எத்தனை மீட்டர்? வி.எச்.எஃப். ரேடியோ வேலை செய்கிறதா? ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் கூப்பிட்டுக் காட்டச் சொல்லலாம், கோபித்துக்கொள்கிறவர் வேண்டாம். இஸ்ரோ வடிவமைத்த ஆபத்து அறிவிப்புக் கருவி, மீனவர்கள் டாட் என்று சொல்வது, அதுவோ அதற்கு ஈடான ஒன்றோ இருக்கிறதா? ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? ஐஸ் பெட்டிக்கு அடியில் திணித்த ஜாக்கெட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554. தேடல் மீட்புக்கான ஒருங்கிணைப்பு மையம் போர்ட் பிளேயரிலேயே இருக்கிறது.

தூண்டிலுக்கென்று பார்க்க வேண்டியவை: முன்பக்கம் நின்று வீசத் தடையில்லாத தளம், இடுப்புக்குக் கீழே முட்டுக்கொடுக்கும் கம்பி, ராடு செருகும் குழாய்கள், கொஞ்சமாவது நிழல். 24 முதல் 28 அடிப் படகில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் பாப்பர் வீச முடியும். மூன்று பேர் போவது உத்தமம், நான்கு பேர் சமாளிக்கலாம். "ஆறு பேர் வந்தா ஆளுக்குக் கம்மியா வரும்" என்பது சரிதான், ஆளுக்கு வீச்சும் கம்மியாகத்தான் வரும்.

காகிதங்களில் படகின் பதிவு, மீன்வளத் துறை உரிமம், காப்பீடு மூன்றையும் கேளுங்கள். உங்கள் அடையாள அட்டை நகலை அவர் முன்கூட்டியே கேட்டால் நல்ல அறிகுறி. பயணிகள் பட்டியல் கொடுத்துவிட்டுப் போகிறவர் என்று பொருள்.

கடைசியாக, இடைத்தரகரை விட்டுவிட்டு கேப்டனோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் உண்மையில் வாடகைக்கு எடுப்பது அவருடைய முடிவெடுக்கும் புத்தியை. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்படிப்பட்ட நாளில் நீங்க போக மாட்டேன்னு சொல்வீங்க, கேப்டன்?" யோசிக்காமல் காற்றின் வேகத்தையோ அலை உயரத்தையோ சொல்கிறவர் நல்ல கேப்டன். "நம்ம படகு எதுக்கும் போகும் சார்" என்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள்.

படி 4: பணக் கணக்கு, அதாவது பெட்ரோல் கணக்கு

வாடகை படகுக்கு, நாளுக்கு. அதன் பெரும்பகுதி எரிபொருள். 150 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று பயண வேகத்தில் மணிக்கு 25 முதல் 30 லிட்டர் குடிக்கும். இரண்டுக்குமாக மணிக்கு 55 லிட்டர் என்று வையுங்கள்.

இப்போது பேரன் தீவு என்ற பெயரைக் கேட்டு மயங்குகிறவர்களுக்காக ஒரு கணக்கு. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அது. 1991இல் மறுபடி விழித்துக்கொண்டது. போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 140 கி.மீ., கடல் மைலில் 75. 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போனாலும் போக மட்டும் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் பிடிக்கும். போய்வர ஏழரை மணி நேரம், 400 லிட்டருக்கு மேல் பெட்ரோல். பதினோரு மணி நேர வெளிச்சத்தில் மீதி எவ்வளவு? ஒரே நாளில் பேரன் தீவு என்று ஒருவர் விற்றால், அவர் உங்களுக்கு விற்பது படகுச் சவாரி. போர்ட் பிளேயரிலிருந்து தென்கிழக்கே சுமார் 100 கி.மீ. தள்ளி, பிளாட் ராக் என்ற ஒற்றைக் கல் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிகிற இன்விசிபிள் பேங்க் என்னும் பெரிய கடலடிப் பாறைத்திட்டு இருக்கிறது. அதற்கும் இதே கணக்குதான். இரண்டுமே படகிலேயே இரவு தங்கும் பயணங்கள். கழிப்பறையும் படுக்கையும் உள்ள பெரிய படகு வேண்டும். முதல்முறை போகிறவர் நாள்பயண தூரத்துக்குள் இருப்பது நல்லது. அங்கே மீனுக்குக் குறைவில்லை.

எரிபொருளை மூன்றாகப் பிரித்து, போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, இருப்பில் ஒரு பங்கு என்று வைப்பது பழைய கடல் வழக்கம். உங்கள் கேப்டன் அதைக் கடைப்பிடிக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை.

முன்பணம் அனுப்புவதற்கு முன் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்க வேண்டியவை: வாடகையில் அடங்கிய தூரம் எவ்வளவு, அதற்கு மேல் போனால் என்ன கட்டணம், காற்றினால் ரத்தானால் பணமா, வேறு நாளா, எஞ்சின் பழுதானால் என்ன, அவர்கள் ராடு உடைந்தால் யார் பொறுப்பு, சாப்பாடு, தண்ணீர், ஐஸ் உண்டா. வாய்ப்பேச்சு கரையிலேயே நின்றுவிடும்.

படி 5: தூண்டில் போடக்கூடாத இடங்கள்

வண்டூரில் இருக்கும் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவிலும் ஹேவ்லாக் பக்கத்து ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்காவிலும் மீன்பிடிக்கக் கூடாது. நிக்கோபாரின் பழங்குடிக் காப்பகப் பகுதிகளுக்கு அனுமதியில்லாமல் போக முடியாது. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது. 2006இல் அந்தத் தீவுக்கு அருகே இரவில் மிதந்துபோன மீனவர் இருவர் உயிரிழந்தார்கள். மேற்குக் கரையில் ஜாரவா மக்களின் காப்பகத்தை ஒட்டிய கடலும் தடைசெய்யப்பட்டதே. "கொஞ்சம் உள்ளே போனா பெரிய மீன் இருக்கு" என்று யாராவது கண்ணடித்தால் மறுத்துவிடுங்கள். படகு பிடிபட்டால் வழக்கு படகில் இருக்கும் எல்லோர் மீதும் பாயும்.

வெளிநாட்டிலிருந்து வருகிற நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று: சாட்டிலைட் போன், கார்மின் இன்ரீச் போன்ற செய்திக் கருவிகளை இந்தியாவுக்குள் முன் அனுமதியில்லாமல் கொண்டுவருவது குற்றம். மலேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் படகில் போகும்போது அது பாதுகாப்புக் கருவி, இங்கே விமான நிலையத்திலேயே சிக்கல்.

படி 6: சாமான்

நல்ல படகுகளில் ராடு, ரீல் கொடுப்பார்கள். முதல் தடவை அதையே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முழு ஜி.டி. செட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் இரண்டு பயணம் போய்வரலாம்.

சொந்தமாகக் கொண்டுபோகிறவர்களுக்கு: ஏழரை முதல் எட்டடி பாப்பிங் ராடு, 14000 முதல் 20000 அளவு ஸ்பின்னிங் ரீல், பி.இ. 8 அல்லது 10 தடிமனில் பிரெய்டு எனப்படும் பின்னல் நூல் குறைந்தது 300 மீட்டர், முனையில் 150 முதல் 200 பவுண்டு தங்கூசி லீடர். பிரெய்டையும் தங்கூசியையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு. இதை வீட்டில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு கட்டிப் பழகுங்கள். ஆடும் படகில் காற்றில் கட்டுவது அதைவிடக் கஷ்டம். டிராக்கை, அதாவது நூல் ஓடுவதைத் தடுக்கும் ரீலின் பிரேக்கை, வீட்டிலேயே மீன் எடைபோடும் தராசை மாட்டிச் சரிபார்த்து, 10 கிலோவில் வையுங்கள். கையால் இழுத்துப் பார்த்து "டைட்டாத்தான் இருக்கு" என்று நினைத்தால் பெரும்பாலும் 5 கிலோகூட இருக்காது.

முள் எல்லாவற்றிலும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவது எளிதாகும் என்பது ஒரு காரணம். மருத்துவமனை நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும்போது அந்த முள் நண்பனின் கையில் ஏறினால் என்ன ஆகும் என்பது பெரிய காரணம்.

விமானத்தில் ராடு கொண்டுபோக ஹார்டுவேர் கடையில் நான்கு அங்குல பி.வி.சி. குழாயும் இரண்டு மூடியும் போதும். முள்ளும் பாப்பரும் ஏற்றிவிடும் பையில், பவர் பேங்க் கைப்பையில். முழுக்கைச் சட்டை, விரல் பாதி மூடிய கையுறை, முகத்தை மூடும் துணி, வழுக்காத செருப்பு, போலரைஸ்டு கண்ணாடி. கண்ணாடியை வெயிலுக்கென்று நினைக்காதீர்கள், பக்கத்தில் வீசுகிறவனின் மூன்று முனைத் தூண்டில் முள்ளுக்காக. குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முந்தைய இரவே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வந்தபின் போடும் மாத்திரை மீனுக்குத்தான் போகும்.

படி 7: கடலில்

முந்தைய மாலை இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை அறிவிப்பையும் வானிலைத் துறை எச்சரிக்கையையும் நீங்களே பாருங்கள். காற்றின் வேகம் 15 நாட் தாண்டினால் சிறிய படகில் நின்று வீசுவது முடியாத காரியம். போகலாமா வேண்டாமா என்று கேப்டன் தயங்கினால், "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று அவரை நெருக்காதீர்கள்.

இடம் வந்ததும் கேப்டன் படகை ஓட்டத்துக்கு மேற்புறம் கொண்டுபோய் விட்டு, பாறை விளிம்பை ஒட்டி மிதக்க விடுவார். எங்கே வீச வேண்டும் என்று கை காட்டுவார், அங்கே வீசுங்கள். வீசுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பார்த்து "வீசறேன்" என்று சத்தம் போடுவது கட்டாயம். தண்ணீர் தெளிவாக இருப்பதால் பாப்பருக்குப் பின்னால் கறுத்த நிழல் வருவது தெரியும். அப்போது எல்லோரும் செய்யும் தவறு நிறுத்திவிடுவது அல்லது பதறி இழுப்பது. அதே தாளத்தில் இழுத்துக்கொண்டே இருங்கள். அடித்தவுடன் ராடைத் தூக்காமல், கனம் கையில் ஏறும் வரை சுற்றிவிட்டுப் பிறகு வெட்டி இழுங்கள்.

முதல் பத்து விநாடியில் பாதி மீன்கள் போய்விடும். ஜி.டி. நேராகப் பவளப்பாறைக்குக் கீழேதான் ஓடும். அங்கே உரசினால் எந்தத் தங்கூசியும் தாங்காது. டிராக்கைத் தொடாதீர்கள், ராடைத் தாழ்வாக வையுங்கள், முட்டியைக் கம்பியில் முட்டுக்கொடுங்கள். கேப்டன் அதே நேரம் எஞ்சினைப் போட்டுப் படகை ஆழத்துப் பக்கம் இழுத்துவிட வேண்டும். நான் ஆரம்பத்தில் சொன்ன புத்தி இங்கேதான் தெரியும். மீன் அடித்த சத்தத்துக்குப் போனை எடுத்துப் படம்பிடிக்கிற கேப்டனோடும் போயிருக்கிறேன். அன்றைக்கு மூன்று அடி, மூன்றும் அறுந்தது.

ஜிக்கிங்கில் பாதி வழியில் மீன் திடீரென்று இரண்டு மடங்கு கனத்து, பிறகு ஒன்றுமில்லாமல் லேசானால், தலை மட்டும் மேலே வரும். சுறா தன் பங்கை எடுத்துக்கொண்டது. அதே இடத்தில் இரண்டாவது முறையும் நடந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சுறாவுக்குப் பரிமாறிக்கொண்டே இருப்பீர்கள்.

படி 8: விடுவதும் சமைப்பதும்

ஜி.டி.யையும் மயில்மீனையும் விட்டுவிடுவதுதான் இந்த வகைப் படகுகளில் முறை. கையை நனைத்துக்கொண்டு, வாலையும் வயிற்றையும் தாங்கிக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு நிமிடத்துக்குள் படம் எடுத்து, தண்ணீருக்குள் விட்டுவிடுங்கள். மயில்மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்கவே வேண்டாம். ராட்சதக் களவா, திமிங்கலச் சுறா, வேளா மீன் போன்றவை வனவிலங்குச் சட்டத்தில் காக்கப்பட்டவை. தவறி மாட்டினால் தூண்டில் நூலை அறுத்து உடனே விட வேண்டும்.

ஜி.டி.யை விடச் சொல்வதில் வயிற்றுக்கும் நன்மை உண்டு. பவளப்பாறையில் வாழும் பெரிய வேட்டை மீன்களின் உடம்பில் சிகுவாட்டெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. குழம்புக்கு ஒரு நடுத்தர வஞ்சரம் அல்லது சூரை போதும். சூரையைப் பிடித்த உடனே இரத்தத்தை வடித்து ஐஸில் புதையுங்கள். வெயிலில் கிடந்த சூரை உடம்பெல்லாம் தடிப்பை வரவழைக்கலாம். ஆழத்திலிருந்து வந்த களவாவும் சங்கராவும் வயிறு உப்பி மிதக்கும், மேலே விட்டால் பிழைக்காது. அதனால் வேண்டிய அளவு கிடைத்ததும் ஆழ ஜிக்கிங்கை நிறுத்திக்கொள்வது நல்லது.

கரைக்கு வந்ததும் உதவியாளுக்குத் தனியாகக் கையில் பணம் கொடுங்கள், கேப்டனிடம் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அறைக்குப் போய் டிராக் குமிழை இறுக்கி மூடி, ரீலின் மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய் உட்காரும். துடைத்துக் காயவைத்தபின் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். லீடரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாக ஒரு இடம் பட்டாலும் வெட்டிவிட்டு அன்றிரவே புது முடிச்சுப் போடுங்கள். காலை நாலரைக்கு ஆட்டோ வந்து நிற்கும்.